இடைக்காலத் தேர்தலில் தோற்றால் அமெரிக்க அதிபருக்கு உண்மையில் என்ன போகிறது?

#1 நெல்லை_வேலன் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் வரும்போதெல்லாம் நம் யூடியூப் ஆய்வாளர்கள் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். ஆளுங்கட்சி தோற்றால் அதிபர் கதை முடிந்தது, ஜெயித்தால் அவரை அசைக்க ஆளில்லை. வரும் 2026 நவம்பர் 3-க்கும் கச்சேரி தொடங்கிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், அடிக்க வருபவர்கள் வரலாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: அதிபருக்கு நான்கு ஆண்டு. பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். 100 பேர் கொண்ட செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு அதே நாளில் தேர்தல். அதிபர் பாதிக் காலத்தை ஓட்டியிருக்கும்போது வருவது இடைக்காலத் தேர்தல். வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருக்காது, அடி மட்டும் அவருக்குத்தான் விழும். கடந்த நூறு ஆண்டுகளில் 1934, 1998, 2002 என்று மூன்றே முறைதான் அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடங்களைக் கூட்டிக்கொண்டது. மற்றபடி எப்போதும் இறக்கம்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1946-ல் ட்ரூமனின் ஜனநாயகக் கட்சி 50-க்கும் மேற்பட்ட இடங்களை இழந்து இரண்டு அவைகளையும் பறிகொடுத்தது. 1948-ல் ட்ரூமன் ஜெயித்தார். 1982-ல் ரீகன் கட்சிக்கு 26 இடங்கள் போயின, வேலையில்லாதவர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டியிருந்த நேரம் அது. 1984-ல் அவர் 50 மாநிலங்களில் 49-ஐ அள்ளினார். 1994-ல் கிளிண்டன் கட்சிக்கு 54 இடங்கள் போனதோடு, 40 ஆண்டுகள் கையில் வைத்திருந்த சபையே போனது. 1996-ல் அவரும் ஜெயித்தார். 2010-ல் ஒபாமாவுக்கு 63, 2012-ல் மறுபடியும் வெள்ளை மாளிகை.

மறுபக்கம், 1978-ல் கார்ட்டர் கட்சி இழந்தது 15 தான். 1990-ல் மூத்த புஷ் கட்சி வெறும் 8. இருவருமே அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போனார்கள்.

என் வாதம் இதுதான்: இடைக்காலத் தேர்தலில் ஆள் போவதில்லை, அவர் போட்ட திட்டம்தான் போகிறது.

#2 சந்தேக_சாமி

1930-ல் அடி வாங்கிய ஹூவர் 1932-ல் தோற்றார். 2018-ல் 40 இடங்களை விட்ட டிரம்ப் 2020-ல் தோற்றார். இரண்டு பேரையும் வசதியாக விட்டுவிட்டீர்களே வேலன். நான்கு பேரை வைத்து விதி எழுதக் கூடாது.

#3 நெல்லை_வேலன்

விதி எழுதவில்லை சாமி, ஜோசியம் பலிக்கவில்லை என்கிறேன். நீங்கள் சொன்ன இருவரையும் சேர்த்துக்கொண்டாலும் அதே முடிவுதான்: அடி வாங்கியவர்களில் மீண்டவரும் உண்டு, மீளாதவரும் உண்டு.

ஏன் இப்படி என்றால், இரண்டு தேர்தலுக்கும் வருகிற கூட்டமே வேறு. 2012 அதிபர் தேர்தலில் தகுதியுள்ளவர்களில் 58 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். 2014 இடைக்காலத் தேர்தலில் அது 37-ஐக்கூட எட்டவில்லை. கோபத்தில் இருப்பவன் எப்படியும் வரிசையில் வந்து நிற்பான். "நம்ம ஆள்தானே இருக்கிறார்" என்று நினைப்பவன் வீட்டில் உட்கார்ந்துவிடுவான். இரண்டு ஆண்டு கழித்து அவனும் வந்துவிடுகிறான், அதிபருக்கு எதிரே ஒரு முகமும் வந்துவிடுகிறது. அதுவரை அதிபரைப் பிடிக்குமா பிடிக்காதா என்று இருந்த கேள்வி, இவரா அவரா என்று மாறிவிடும்.

#4 ஓய்வுபெற்ற_வாத்தியார்

ட்ரூமனை வேலன் ஒரு வரியில் கடந்துவிட்டார். இந்தத் தலைப்பில் மொத்தப் பாடமும் அவரிடம்தான் இருக்கிறது என்பேன்.

1946 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் கறி கிடைக்கவில்லை. போர்க்கால விலைக் கட்டுப்பாடு இருந்ததால் பண்ணைக்காரர்கள் மாடுகளைச் சந்தைக்கு அனுப்பாமல் பிடித்து வைத்தார்கள். அக்டோபர் நடுவில் ட்ரூமன் கட்டுப்பாட்டை நீக்கினார். விலை ஏறியது, கோபமும் ஏறியது. "போதுமா?" என்பதுதான் குடியரசுக் கட்சியின் கோஷம். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் தேவைப்படவில்லை.

ட்ரூமன் வாக்களிக்கச் சொந்த மாநிலமான மிசூரிக்குப் போயிருந்தார். தோல்விச் செய்தியோடு ரயிலேறி வாஷிங்டன் வந்து இறங்கியபோது யூனியன் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வரவேற்க நின்றவர் ஒரே ஒருவர், வெளியுறவுத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்த டீன் ஆச்சிசன். ட்ரூமன் அதை மறக்கவில்லை. 1949-ல் அவரையே வெளியுறவு அமைச்சர் ஆக்கினார். சொந்தக் கட்சி செனட்டர் ஃபுல்பிரைட் ஒருபடி மேலே போய், ஒரு குடியரசுக் கட்சிக்காரரை வெளியுறவு அமைச்சராக நியமித்துவிட்டு ட்ரூமன் ராஜினாமா செய்ய வேண்டும் என்று யோசனை சொன்னார். அப்போது துணை அதிபர் பதவி காலியாக இருந்ததால் பதவி நேரே அந்த அமைச்சருக்குப் போயிருக்கும்!

சரி, கொள்கைக்கு என்ன ஆனது? தொழிற்சங்கங்களின் கையைக் கட்டும் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தைப் புதிய காங்கிரஸ் (இரண்டு அவைகளும் சேர்ந்த நாடாளுமன்றம்) கொண்டு வந்தது. ட்ரூமன் வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். மூன்றே நாளில், 1947 ஜூன் 23-க்குள், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அந்த வீட்டோவைத் தூக்கி எறிந்தன. சங்கத்தில் சேருவதை வேலைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று மாநிலங்கள் தடை போடலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது, இன்றும் சொல்கிறது. ஆனால் அதே காங்கிரஸ்தான் கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கொடுத்தது, மார்ஷல் திட்டத்தையும் நிறைவேற்றியது. உள்நாட்டில் கதவை அடைத்தவர்கள் வெளிநாட்டு விவகாரத்தில் திறந்து விட்டார்கள்.

1948-ல் ட்ரூமன் தன்னை எதிர்த்து நின்ற டூயியை விட்டுவிட்டு, "ஒன்றுமே செய்யாத காங்கிரஸ்" என்று அந்தக் காங்கிரஸை எதிர்த்தே ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். தோற்காமல் இருந்திருந்தால் திட்டுவதற்கு அவருக்கு யார் கிடைத்திருப்பார்கள்?

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அதிபராக ஒருவரை இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற 22-வது திருத்தத்தை 1947 மார்ச்சில் நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது இதே காங்கிரஸ்தான். 1951-ல் நடைமுறைக்கு வந்தது. நான்கு முறை ஜெயித்த ரூஸ்வெல்ட் மீது இருந்த கடுப்பு. ஒரு கறித் தட்டுப்பாட்டில் பிறந்த காங்கிரஸ், பின்னால் வந்த எல்லா அதிபர்களுக்கும் வயது வரம்பு மாதிரி ஒன்றை எழுதிவிட்டுப் போனது.

#5 சந்தேக_சாமி

வாத்தியார் ஐயா, அருமை. ஆனால் நீங்கள் சொன்னதை வைத்தே வேலனை மடக்கலாம். 22-வது திருத்தத்தின்படி, இரண்டு முறை ஜெயித்துவிட்ட இப்போதைய அதிபர் டிரம்ப் மறுபடி நிற்கவே முடியாது. அப்படியானால் "ஆள் மீள்வாரா" என்ற முதல் பதிவு முழுக்க இந்த நவம்பருக்குப் பொருந்தாது.

#6 நெல்லை_வேலன்

பொருந்தாதுதான். இரண்டாம் பதவிக்காலத்தில் ஆளுக்கு இழக்க எதுவும் இல்லை, எல்லாமே திட்டங்கள்தான். 1958, 1986, 2006, 2014 எல்லாம் அந்த வகை. 1986-ல் ரீகன் செனட்டை இழந்தார். அடுத்த ஆண்டு அவர் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய நீதிபதி ராபர்ட் போர்க்கை செனட் 58–42 என்று திருப்பி அனுப்பியது. முந்தைய செனட் இருந்திருந்தால் போர்க் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

#7 எடிசன்_குமரன்

நியூஜெர்சியிலிருந்து. ஏட்டில் படித்ததை விட்டுவிட்டு என் வீட்டுக்குள் வந்ததைச் சொல்கிறேன்.

2010-ல் பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சிக்குப் போனது. 2013 ஜூன் 27 அன்று செனட் ஒரு பெரிய குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை 68–32 என்று நிறைவேற்றியது. வேலை வழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பை எடுத்துவிடுவதும் அதில் இருந்தது. இங்கே எங்கள் குடியிருப்பில் அன்று யாரும் வேலை பார்த்த மாதிரித் தெரியவில்லை, எல்லோரும் போனில்தான். சபாநாயகர் போய்னர் அந்த மசோதாவை விவாதத்துக்கே எடுக்கவில்லை. எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தால்கூட மனம் ஆறும். எடுக்கவே இல்லை. சபை கையில் இருப்பதன் அர்த்தம் அதுதான்.

2014 நவம்பரில் ஒபாமா செனட்டையும் இழந்தார். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 20 அன்று, டிவியில் வந்து இனி பேனாவைத்தான் நம்ப வேண்டும் என்கிற தொனியில் நிர்வாக நடவடிக்கைகளை அறிவித்தார். ஆவணமில்லாமல் இருக்கும் பெற்றோர் ஏறக்குறைய 40 லட்சம் பேருக்கு நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்பு என்பது பெரிய அறிவிப்பு. அந்தப் பட்டியலில் ஒரு மூலையில் எங்களுக்கும் ஒன்று இருந்தது: ஐ-140 (நிறுவனம் போடும் கிரீன் கார்டு மனு) ஒப்புதல் கிடைத்துக் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களின் துணைவர், எச்-4 என்ற குடும்ப விசாவில் இருந்தாலும் வேலை செய்யலாம். விதியின் வரைவு 2014 மே மாதமே வந்திருந்தது, 2015 மே 26 முதல் அமலானது.

என் மனைவி எம்.எஸ்சி. படித்தவள். இங்கே வந்த நாளிலிருந்து வீட்டில்தான். அதுவரை அமெரிக்க அரசு அவளுக்குக் கொடுத்திருந்த ஒரே எண், வரித் தாக்கலுக்கான ஐடிஐஎன். வேலை அனுமதி அட்டை தபாலில் வந்த கையோடு சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு விண்ணப்பிக்கக் கிளம்பினாள். வேலை தேடுவதெல்லாம் அப்புறம்.

வேலன் சொல்வது எனக்குப் புரிகிறது, ஆனால் ஒரு சின்னத் திருத்தம். தோற்ற அதிபரின் திட்டம் முழுதாகச் சாவதில்லை, சட்டமாக வர வேண்டியது விதியாக வருகிறது. விதியாக வந்ததை அடுத்தவர் வந்து ரத்து செய்யலாம். 2017-க்குப் பிறகு எங்கள் விதியை நீக்கப் போவதாக அரசின் பட்டியலில் வந்துகொண்டே இருந்தது. நீக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அட்டை புதுப்பிக்கும்போதும் வயிற்றில் புளி கரையும்.

#8 ஓய்வுபெற்ற_வாத்தியார்

குமரன் தம்பி, அந்த 40 லட்சம் பேருக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லியிருக்கலாம். அதில்தான் 2014-ன் முழு விளைவு தெரியும்.

2015 பிப்ரவரியில் டெக்சஸில் ஒரு கூட்டாட்சி நீதிபதி அதை நிறுத்தி வைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2016 பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஸ்காலியா இறந்தார். ஒபாமா மார்ச்சில் மெரிக் கார்லண்டை நியமித்தார். செனட் குடியரசுக் கட்சியிடம் இருந்ததால் அங்கே அந்தக் கட்சியின் தலைவர் மெக்கானல் அந்த நியமனத்தை விசாரணைக்குக்கூட எடுக்கவில்லை. ஜூன் 23 அன்று தீர்ப்பு 4–4. சமமாகப் பிரிந்தால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிற்கும், திட்டம் செத்தது. ஒன்பதாவது நாற்காலி காலியாக இருந்ததற்குக் காரணம் 2014-ல் செனட் கைமாறியது. அன்று வாக்களிக்க வராமல் இருந்த 63 சதவீதத்தில் எத்தனை பேருக்கு இந்தச் சங்கிலி தெரிந்திருக்கும்?

#9 மட்டுறுத்துநர்

இப்போதைய அதிபரைப் பற்றிய வசவுகள் சிலவற்றை நீக்கியிருக்கிறேன், இரண்டு தரப்பிலும். தலைப்பில் நில்லுங்கள்.

#10 உமா_ஹாரிஸ்பர்க்

எல்லோரும் வாஷிங்டனையே பார்க்கிறீர்கள். இடைக்காலத் தேர்தல் அன்று 36 மாநிலங்களில் ஆளுநர் தேர்தலும் நடக்கிறது, மாநில சட்டமன்றத் தேர்தல்களும் நடக்கின்றன. நான் பென்சில்வேனியாவில் இருக்கிறேன், இங்கே நடந்ததைக் கேளுங்கள்.

2010-ல் நாடு முழுக்க மாநில சட்டமன்றங்களில் ஏறக்குறைய 680 இடங்களைக் குடியரசுக் கட்சி கூடுதலாகப் பிடித்தது. அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண்டு. அதாவது ஜெயித்தவர்கள் கையில் அடுத்த பத்து ஆண்டுக்கான தொகுதி எல்லைகளை வரையும் பென்சில். எங்கள் மாநிலத்தில் ஆளுநர், இரண்டு அவைகள் எல்லாமே அவர்களிடம்.

2012-ல் ஒபாமா பென்சில்வேனியாவில் ஜெயித்தார். பிரதிநிதிகள் சபைத் தேர்தலிலும் மாநிலம் முழுவதையும் கூட்டினால் ஜனநாயகக் கட்சிக்குத்தான் அதிக வாக்கு. இடங்கள்? 18-ல் 5. ஃபிலடெல்ஃபியா புறநகரில் 7-வது தொகுதியின் வரைபடத்தைப் பார்த்து, டிஸ்னி கார்ட்டூன் கூஃபி, டொனால்ட் டக்கை உதைப்பது மாதிரி இருக்கிறது என்று பெயர் வைத்தார்கள். நடுவில் ஓரிடத்தில் தொகுதியின் அகலம் ஒரு உணவகத்தின் அகலம்தான். மிகைப்படுத்தவில்லை, உண்மையாகவே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கும் மனை.

2018 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த வரைபடத்தைச் செல்லாது என்றது. புதிய எல்லைகளில் அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் 9–9. மக்கள் அப்படியேதான் இருந்தார்கள், கோடு மாறியது.

அதனால் "ஒபாமா 2012-ல் ஜெயித்தாரே" என்று வேலன் அண்ணா எழுதியதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஜெயித்து என்ன? அந்த ஆண்டு நாடு முழுக்க சபைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதல், ஆனால் குடியரசுக் கட்சிக்கு 234 இடங்கள். குமரன் சொன்ன மசோதா செத்தது அந்தச் சபையில்தான்.

#11 நெல்லை_வேலன்

உமா, நான் எழுதியதற்கு நீங்கள் எதிர்ப்பு எழுதவில்லை, சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். ஆள் ஜெயித்தார், திட்டம் தோற்றது.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லைக் கோடு பத்தாண்டுக்கு ஒருமுறைதான் என்ற வழக்கமும் இப்போது போய்விட்டது. 2025-ல் டெக்சஸ் குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடங்களைக் குறிவைத்து நடுவிலேயே எல்லையை மாற்றியது. பதிலுக்குக் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தன் வரைபடத்தை மாற்றியது. 2024-ல் சபை குடியரசுக் கட்சிக்கு 220–215 என்றுதான் இருந்தது என்பதை நினைவில் வைத்தால் ஐந்து இடம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

#12 யாழ்_கரையான்

வேலன் அண்ணை, எங்கட இலங்கையிலையும் இதே கூத்து நடந்திருக்கு, ஒரு வித்தியாசத்தோட. சந்திரிகா ஜனாதிபதியாக இருக்கும்போதே 2001 டிசம்பரில் ரணிலின் கூட்டணி பாராளுமன்றத்தை வென்றது. 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர் பிரதமர், ஜனாதிபதி அல்ல. யுத்தமா சமாதானமா என்கிற மிகப் பெரிய கொள்கையே ஜனாதிபதியின் கையை விட்டுப் போனது.

2003 நவம்பரில் ரணில் வாஷிங்டனில் நிற்கும்போது பாதுகாப்பு, உள்நாட்டலுவல்கள், ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் சந்திரிகா எடுத்துக்கொண்டார். அடுத்த பெப்ரவரியில் பாராளுமன்றத்தைக் கலைத்தார், ஏப்ரலில் அவருடைய கூட்டணி அதிக இடங்களைப் பிடித்தது. அமெரிக்க ஜனாதிபதிக்கு இந்த வழி இல்லை. கலைக்கிற அதிகாரமே கிடையாது, தோற்ற சபையோடு இரண்டு வருசம் குடும்பம் நடத்தத்தான் வேணும்.

#13 நெல்லை_வேலன்

நல்ல ஒப்பீடு கரையான். அந்தக் குடும்பம் நடத்துதலில் கெட்டிக்காரர் கிளிண்டன்.

1995 ஏப்ரல் 18 மாலை அவர் செய்தியாளர்களைச் சந்திக்கிறார். மூன்று பெரிய நெட்வொர்க்குகளில் ஒன்றுதான் நேரலையாகக் காட்டியது. நியூட் கிங்ரிச் சபாநாயகராகிக் கொடிகட்டிப் பறந்த நேரம். உங்கள் குரல் இனி யார் காதில் விழும் என்கிற பொருளில் ஒருவர் கேட்டார். அரசியல் சாசனம் எனக்கு முக்கியத்துவம் தந்திருக்கிறது, அதிபர் இங்கே பொருட்டானவர்தான் என்று கிளிண்டன் பதில் சொன்னார். ஒரு அதிபர் தன்னைத் தானே இப்படி நிரூபிக்க வேண்டிய நிலை! மறுநாள் காலை ஓக்லஹோமா சிட்டியில் குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். அந்த வாரம் நாடு யாரைப் பார்த்தது என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு வரவு செலவு சண்டை, நவம்பரிலும் டிசம்பரிலும் அரசு முடக்கம், இரண்டாவது 21 நாள். இஸ்ரேல் பிரதமர் ராபினின் இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பும்போது அதிபர் விமானத்தில் தன்னைப் பின்கதவு வழியாக இறக்கினார்கள் என்று கிங்ரிச் குறைப்பட, நியூயார்க் பத்திரிகை ஒன்று அவரை அழுகிற குழந்தையாக முதல் பக்கத்தில் வரைந்தது. அன்றிலிருந்து முடக்கத்துக்குப் பழி அவர் தலையில்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகையை வெட்டிக் காலவரம்பு போடும் மசோதாவைக் குடியரசுக் கட்சி அனுப்பியது. இரண்டு முறை வீட்டோ செய்தார். மூன்றாவது முறை, தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்க, 1996 ஆகஸ்ட் 22 அன்று கையெழுத்திட்டார். அவருடைய சொந்த அரசில் உதவிச் செயலாளராக இருந்த பீட்டர் எடல்மன் இதற்காகவே ராஜினாமா செய்தார். நவம்பரில் கிளிண்டன் 379 தேர்வாளர் வாக்குகளோடு ஜெயித்தார். எதிரியின் திட்டத்தில் கையெழுத்துப் போட்டு ஆள் மீண்டார். 1992-ல் அவருக்கு ஓட்டுப் போட்ட ஏழைத் தாய்க்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

#14 ஓய்வுபெற்ற_வாத்தியார்

பெரும்பான்மை போக வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. 1966-ல் ஜான்சனின் கட்சி 47 இடங்களை இழந்தது. அதற்குப் பிறகும் சபையில் அவர்களுக்குத்தான் பெரும்பான்மை. ஆனால் தெற்கத்திய ஜனநாயகக் கட்சிக்காரர்களும் குடியரசுக் கட்சியும் கைகோத்தால் அதிபர் கணக்கு பொய்க்கும்.

1967 ஜூலையில் ஜான்சன் ஒரு சிறிய மசோதா அனுப்பினார். நகரச் சேரிகளில் எலிகளை ஒழிக்க இரண்டு ஆண்டுக்கு 4 கோடி டாலர். குழந்தைகளை எலி கடிக்கும் வீடுகளைப் பற்றியது. சபையில் என்ன நடந்தது தெரியுமா? எலி ஜோக்குகள். பணம் எதற்கு, பூனைகளை அவிழ்த்து விடுங்கள் என்று ஒருவர் சொல்ல, சபையே சிரித்தது. 207–176 என்று விவாதத்துக்கே எடுக்காமல் தள்ளினார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளில் முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேரையும் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றிய அதே அவை! பிறகு வெட்கப்பட்டு, அந்த ஆண்டே வேறொரு மசோதாவோடு சேர்த்து நிறைவேற்றினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஜான்சனின் கை ஓங்கியிருந்த காலம் முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்த நாள் அதுதான்.

#15 சந்தேக_சாமி

சரி, எலிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2006? இராக் போருக்கு எதிராகத்தான் மக்கள் வாக்களித்தார்கள். இரண்டு அவைகளும் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் தொடர்வார் என்று தேர்தலுக்குச் சில நாள் முன்பு சொன்ன இளைய புஷ், முடிவு வந்த மறுநாளே அவரை வழியனுப்பினார். சரி, போர் குறையும் என்று பார்த்தால் 2007 ஜனவரி 10 அன்று இன்னும் 20,000-க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். திட்டம் எங்கே போனது? ஆள்தான் போனார், அதுவும் அமைச்சர்.

#16 எடிசன்_குமரன்

சாமி, அதுதான் வாத்தியார் ஐயா ட்ரூமனில் சொன்னது. வெளிநாட்டில் அதிபர் கை நீளம். படைகளைத் திரும்பப் பெறும் காலக்கெடுவோடு போர் நிதி மசோதாவைக் காங்கிரஸ் அனுப்பியது, 2007 மே 1 அன்று புஷ் வீட்டோ செய்தார், மீற மூன்றில் இரண்டு பங்கு இல்லை. களத்தில் இருக்கும் வீரனுக்குப் பணத்தை நிறுத்தினார்கள் என்ற பழியை ஏற்கப் பெரும்பாலான உறுப்பினர்களுக்குத் துணிச்சல் இல்லை. அதே ஆண்டு புஷ் கொண்டுவந்த குடியேற்றச் சீர்திருத்தத்தைச் சொந்தக் கட்சிக்காரர்களே செனட்டில் கவிழ்த்தார்கள் பாருங்கள். ஒரே ஆள், ஒரே ஆண்டு.

#17 உமா_ஹாரிஸ்பர்க்

சபை கைமாறினால் சம்மன் அதிகாரமும் மாறும், அதை யாரும் தொடவில்லை. 2018-ல் ஜனநாயகக் கட்சி சபையைப் பிடித்ததும் 2019 ஏப்ரலில் வரிக் குழுவின் தலைவர் டிரம்பின் வரிக் கணக்குகளைக் கேட்டார். நீதிமன்றம் நீதிமன்றமாக இழுத்து, கையில் கிடைத்தது 2022 நவம்பரில். அதற்குள் அடுத்த இடைக்காலத் தேர்தலில் சபை மறுபடி குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டது. ஜனவரி 3-க்குள் வெளியிடாவிட்டால் பெட்டிக்குள் போய்விடும் என்பதால் டிசம்பர் 30 அன்று அவசர அவசரமாக வெளியிட்டார்கள். ஒரு இடைக்காலத் தேர்தல் கேட்டதை அடுத்த இடைக்காலத் தேர்தல் வாசலில் வந்து நிற்கும்போதுதான் கொடுத்தார்கள்.

#18 சந்தேக_சாமி

2022 என்றதும் ஞாபகம் வருகிறது. வேலன் வாதத்துக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். பைடனுக்குப் பெரிய அடி விழும் என்றார்கள். ஜூனில் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு வந்து காற்று மாறியது. சபையில் இழப்பு வெறும் 9, செனட்டில் ஒரு இடம் கூடியது. அவ்வளவுதான், கட்சிக்குள் அவரைக் கேள்வி கேட்க இருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 2023 ஏப்ரலில் மறுபடி நிற்கிறேன் என்றார், 2024 ஜூலையில் விலகினார். அந்தத் தேர்தலில் நன்றாக அடி வாங்கியிருந்தால் கட்சி ஒரு வருடம் முன்பே வேறு ஆளைத் தேடியிருக்கும் என்பது என் எண்ணம்.

#19 நெல்லை_வேலன்

சாமி எனக்குச் சாட்சி சொல்லும் நாள் வரும் என்று நினைக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

#20 யாழ்_கரையான்

அப்ப இந்த நவம்பர் இரவு எதைப் பார்க்க வேணும்? சபையா, செனட்டா, உமா அக்கா சொன்ன ஆளுநர்களா?

#21 ஓய்வுபெற்ற_வாத்தியார்

என் கண் செனட்டில். 35 இடங்களுக்குத் தேர்தல், அதில் ஒஹையோவும் ஃபுளோரிடாவும் இடையில் காலியானவை. சபை மாறினால் விசாரணைகளும் நிதிச் சண்டையும் வரும், இரண்டு ஆண்டில் ஓய்ந்துவிடும். செனட்டில் உறுதியாகும் நீதிபதி முப்பது ஆண்டு உட்காருவார்.

#22 நெல்லை_வேலன்

நான் அன்று இரவு சீக்கிரம் தூங்கிவிடுவேன், டிசம்பரைத்தான் பார்ப்பேன். தேர்தல் முடிந்தும் புதிய காங்கிரஸ் ஜனவரி 3 வரை வராது. அந்த இடைவெளியில் தோற்றவர்கள் அவசரமாக வேலை பார்ப்பார்கள். 2010 டிசம்பரில் ஒபாமா வரிச் சலுகையில் எதிர்க்கட்சியோடு பேரம் முடித்தார். தன்பாலின ஈர்ப்பைச் சொன்னால் ராணுவத்திலிருந்து நீக்கும் சட்டத்தை ரத்து செய்தார். ரஷ்யாவோடு போட்ட அணு ஆயுத ஒப்பந்தத்துக்கு 71–26 என்று செனட் ஒப்புதல் வாங்கினார். புதிய சபை வந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்புக்கு வழிவிட்ட ஹைட் சட்டத்தில் புஷ் கையெழுத்திட்டதும் அப்படி ஒரு இடைவெளியில்தான், 2006 டிசம்பர் 18.

#23 சந்தேக_சாமி

நல்லது. டிசம்பரில் இந்த இழையை நானே மேலே தூக்கி விடுகிறேன். வேலன், ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடுங்கள்.